கதீஷ் சொல்ல யாருக்கு உரிமை?

ஒரு யூதக் கல்லறைத் தோட்டம். கணவரின் கல்லறை முன் ஒரு தாய் நிற்கிறாள். சற்றுத் தள்ளி வேறொரு கல்லறை முன் அவளுடைய மகன். கணவருக்காக அவள் கதீஷ் சொல்லிக்கொண்டிருக்கும்போது மகன் வாயிலிருந்தும் அதே சொற்கள் வருவது காதில் விழுகிறது. திடுக்கிட்டுத் திரும்பி, என்ன செய்கிறாய் என்று கேட்கிறாள். நீ செய்வதையேதான் என்கிறான் மகன். கல்லறைகளுக்கு நடுவே அந்த இருவரும் அதன்பின் போடும் சண்டையைப் போல் கடுமையான குடும்பச் சண்டையை அமெரிக்க நகைச்சுவைப் படங்களில் நான் பார்த்ததில்லை.

படம் 'டார்ச் சாங் ட்ரிலஜி'. 1988இல் வந்தது. ஹார்வி ஃபயர்ஸ்டீன் தானே எழுதி, மேடையில் தானே நடித்த நாடகம், பால் போகார்ட் இயக்கத்தில் திரைக்கு வந்தது. மகன் ஆர்னால்ட் இரவு விடுதியில் பெண் வேடம் கட்டிப் பாடுபவன். அவன் நிற்பது காதலன் ஆலனின் கல்லறை முன். ஆலனைத் தெருவில் ஒரு கும்பல் அடித்தே கொன்றுவிட்டது. கணவரோடு 35 ஆண்டுகள் வாழ்ந்த தாய்க்கு, மகனின் துக்கம் தன் துக்கத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதே பொறுக்கவில்லை. அவன் ஆண்களைக் காதலிப்பவன் என்பது அவளுக்கு முன்பே தெரியும். அதை எப்படியோ சகித்துக்கொண்டும் இருந்தாள். அவன் கதீஷ் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதீஷ் ஓர் அரமேய மொழிப் பிரார்த்தனை. இறந்தவருக்காகச் சொல்லப்படுவது என்றாலும் அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது, முழுக்க இறைவனின் புகழ்தான். பெற்றோர் இறந்தால் மகன் 11 மாதங்கள் அதைச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். வயது வந்த பத்துப் பேராவது கூடியிருக்கும் இடத்தில்தான் சொல்ல வேண்டும். கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கிழக்கு ஐரோப்பிய யூத வீடுகளில் ஆண்பிள்ளையையே 'என் கதீஷ்' என்று செல்லமாக அழைக்கும் பழக்கம் இருந்தது. ஆர்னால்டின் தாய் மகனிடம் எதிர்பார்த்தது அதைத்தான். தனக்கும் கணவருக்கும் உரியதென்று அவள் நினைத்திருந்த சொற்களை அவன் எடுத்து, குடும்பத்தில் இடமில்லாத ஒருவனுக்குக் கொடுத்துவிட்டான். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய வழக்கப்படி பெண்கள் கதீஷ் சொல்வதும் பரவலாக ஏற்கப்பட்டதல்ல. பத்துப் பேரும் அங்கே இல்லை. விதியை மீறித்தான் அவளும் நிற்கிறாள். அன்பு அவளுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. மகனுக்கும் அதே அன்பு அதே உரிமையைக் கொடுக்கும் என்பதுதான் அவள் மனத்தில் ஏற மறுக்கிறது.

யூதத் தன்பாலீர்ப்பாளர்களையும் அவர்கள் வீட்டாரையும் பற்றிய நகைச்சுவைப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது என்னை வியக்கவைத்தது, அவற்றில் வேதம் அநேகமாக வாய் திறப்பதே இல்லை என்பது. லேவியராகமத்தில் ஆணோடு ஆண் சேர்வதற்குத் தடை உண்டு. ஆனால் இந்தப் படங்களின் தாய்மார்கள் அதை எடுத்துக்காட்டி மகனை மடக்குவதில்லை. அவர்கள் பேசுவது வம்சத்தைப் பற்றி. எப்போது கல்யாணம், பெண் யூதக் குடும்பமா, பேரன் எப்போது, நாளை எங்களுக்காகக் கதீஷ் சொல்லப்போவது யார்? பிள்ளைகளால் பெற்றோர் அடையும் பூரிப்புக்கு யித்திஷ் மொழியில் 'நாக்கஸ்' என்று தனிச் சொல்லே உண்டு. ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களில் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் நாஜிகள் கொன்று தீர்த்த பிறகு, பேரக்குழந்தை என்பது ஒரு வீட்டின் பூரிப்போடு நிற்கவில்லை. அழிந்தவர்களுக்கான பதிலாகவும் அது ஆகிவிட்டது. அந்தச் சுமை முழுதும் கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு மகன் தலையில் வந்து இறங்குகிறது. இதைச் சோகக் கதையாகச் சொன்னால் பெற்றோர் கொடியவர்களாக வேண்டும், அல்லது பிள்ளை பலியாக வேண்டும். பாசமும் மறுப்பும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட நகைச்சுவை இடம் தருகிறது. இந்தப் படங்களில் எது தேறும், எது தேறாது என்று பார்க்க நான் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்: அந்தத் தாய்க்குச் சொந்தமாக ஒரு மனம் இருக்கிறதா?

ஏன் தாய்? இதற்கு 1960களுக்குப் போக வேண்டும். அமெரிக்க நகைச்சுவையில் 'யூதத் தாய்' ஒரு நிலையான பாத்திரமாக உறைந்தது அந்தப் பத்தாண்டில்தான். மைக் நிக்கல்ஸும் எலைன் மேயும் சேர்ந்து நடித்த புகழ்பெற்ற தொலைபேசி உரையாடல் ஒன்று உண்டு. ராக்கெட் ஏவும் வேலையில் மூழ்கிக் கிடந்த விஞ்ஞானி மகனை, நீ ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டே தாய் சிறுபிள்ளையாகக் கரைத்துவிடுவாள். 1964இல் டான் கிரீன்பர்க் யூதத் தாயாக இருப்பது எப்படி என்று ஒரு வேடிக்கைக் கையேடு எழுதினார். 1969இல் ஃபிலிப் ராத்தின் 'போர்ட்னாய்ஸ் கம்ப்ளெய்ன்ட்' நாவல் வந்தது. சோறூட்டியே மூச்சடைக்கவைக்கும் தாய், அழுதே காரியம் சாதிக்கும் தாய், மகனைக் கைவிட்டுவிடத் தெரியாத தாய்.

அதே காலத்தில் உளவியல் மருத்துவத்திலும் ஒரு தாய் குற்றவாளிக் கூண்டில் நின்றாள். நியூயார்க்கைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர் இர்விங் பீபரும் அவருடைய குழுவினரும், உளப்பகுப்பாய்வுக்கு வந்த 106 தன்பாலீர்ப்பு ஆண்களை வைத்து 1962இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். மகனை அளவுக்கு மீறி அணைத்துக்கொள்ளும் தாயும் ஒதுங்கி நிற்கும் தந்தையும் சேர்ந்து மகனை இப்படி ஆக்கிவிடுகிறார்கள் என்பது அதன் வாதம். 1973இல் அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. நோய் போனது, பழி போகவில்லை. பீபரின் தாயையும் நகைச்சுவை மேடையின் யூதத் தாயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவரும் ஒருத்தியே. ஆகவே தன்பாலீர்ப்பு மகனுடைய யூதத் தாய் திரைக்கு வந்தபோது இரண்டு கேலிச்சித்திரங்களின் பாரத்தோடும் வந்தாள். அவள் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும் நிலை.

ஃபயர்ஸ்டீனின் சாதனை அங்கேதான். அவர் அந்தத் தாய்க்கு ஒரு வழக்கைக் கொடுத்தார். பிராட்வேயில் 1982இல் தொடங்கிய அந்த நாடகம் நான்கு மணி நேரத்தை ஒட்டி ஓடியது. 1983இல் சிறந்த நாடகம், சிறந்த நடிகர் இரண்டுக்கும் டோனி விருது பெற்றது. விருது வாங்கிய தயாரிப்பாளர் ஜான் கிளைன்ஸ் மேடையிலேயே தன் காதலருக்கு நன்றி சொன்னார். தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்த விழாவில் அப்படி ஒரு நன்றி அன்றைக்குச் சிறிய விஷயமல்ல. திரைப்படமாகும்போது கதை இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. தாயின் பகுதி மட்டும் சுருங்கிவிடாமல் நின்றதற்குக் காரணம் ஆன் பான்கிராஃப்ட். இத்தாலியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மெல் புரூக்ஸை மணந்து, யூத வீட்டின் பேச்சுத்தாளத்தை உள்ளிருந்து கேட்டு வாழ்ந்தவர். அவர் நடிப்பில் தாய் ஒரு கணமும் பொம்மையாவதில்லை. அவள் கத்துகிறாள், புண்படும்படி பேசுகிறாள், தன் மகன் இப்படி என்று தெரிந்திருந்தால் பெற்றிருக்கவே மாட்டேன் என்ற எல்லைவரை போகிறாள். மகனும் விடுவதில்லை. அன்பும் மரியாதையும் தர முடியாதவர்களுக்கு என் வாழ்க்கையில் இடமில்லை என்கிறான்.

பிறகு விடிகிறது. ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், துக்கம் போகாது, விரலில் போட்ட மோதிரத்தைப் போல நாளடைவில் அது பழகிவிடும் என்று மகனிடம் சொல்கிறாள். ஒரு விதவை இன்னொரு விதவைக்குச் சொல்லும் அறிவுரை அது. மன்னிப்பு கேட்கவில்லை. உன் காதலும் காதல்தான் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. கல்லறையில் மறுத்ததை அந்த அறிவுரை வழியாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இதைவிடப் பெரிய சமரசம் ஏதும் நடந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இந்தப் படத்துக்கு முன்னால் ஒரு நீண்ட மௌனம் இருக்கிறது. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்களை நிறுவியவர்களில் பலர் யூதக் குடியேறிகள். அடால்ஃப் சூக்கர், லூயி பி. மேயர், வார்னர் சகோதரர்கள் எல்லோரும் அந்த வரிசைதான். தாங்கள் யூதர்கள் என்பதைத் திரையில் பெரிதாகக் காட்டிக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை. 1934 முதல் கண்டிப்போடு அமலான தணிக்கை விதிகள் தன்பாலீர்ப்பைக் குறிப்பாகச் சுட்டுவதையும் தடுத்தன. இரண்டு மறைப்புகளும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு 1947இல் வந்த 'கிராஸ்ஃபயர்' சான்று. நகைச்சுவைப் படமல்ல, கொலை விசாரணைக் கதை. அதன் மூலமான ரிச்சர்ட் புரூக்ஸின் நாவலில் கொல்லப்படுபவன் தன்பாலீர்ப்பாளன். படத்தில் அவனை யூதனாக மாற்றினார்கள். கொலையாளியின் வெறுப்பு அப்படியே இருந்தது, வெறுக்கப்பட்டவனின் அடையாளம் மட்டும் மாறியது. மாற்றிய பிறகும் கதை தடுமாறாமல் ஓடியது என்பதே ஒரு சமூகத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஒரு நகைச்சுவைப் படத்தில் இரண்டு அடையாளங்களையும் ஒரே மாலையில் ஒளித்துவைக்க ஒரு குடும்பம் படாதபாடு படுகிறது. 1996இல் வந்த 'தி பேர்ட்கேஜ்'. பிரெஞ்சுக் கதையான 'லா காஜ் ஓ ஃபோல்'இன் அமெரிக்க வடிவம். பிரெஞ்சு மூலத்தில் இல்லாத ஒன்றை அமெரிக்கப் படம் சேர்த்தது: ராபின் வில்லியம்ஸ் நடித்த ஆர்மண்ட் இங்கே யூதர், குடும்பப் பெயர் கோல்ட்மன். ஆர்மண்டின் மகன் மணக்க விரும்பும் பெண்ணின் தந்தையான பழமைவாத செனட்டர் ஒருவர் சம்பந்தம் பேச வருகிறார். அவருக்காகக் கோல்ட்மன் என்ற பெயர் கோல்மன் ஆகிறது. வீட்டிலுள்ள சிலைகளும் படங்களும் ஒளிகின்றன, ஆர்மண்டின் வாழ்க்கைத் துணை ஆல்பர்ட்டையும் ஒளிக்கப் பார்க்கிறார்கள். படத்தை இயக்கியவர் மைக் நிக்கல்ஸ், திரைக்கதை எலைன் மே. அந்தத் தொலைபேசித் தாயைப் படைத்த அதே இருவர். நிக்கல்ஸ் பெர்லினில் பெஷ்கோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயரோடு பிறந்து, 1939இல் ஏழு வயதில் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். மேயின் தந்தை யித்திஷ் நாடகக்காரர். பெயரை மாற்றுவதை வைத்து அவர்கள் செய்யும் நகைச்சுவைக்கு அடியில் ஒரு வாழ்க்கை கிடக்கிறது.

ஆனால் அந்தப் படத்தின் உண்மையான கண்டுபிடிப்பு ஆல்பர்ட். நேதன் லேன் நடித்த அந்தப் பாத்திரத்தைக் கவனியுங்கள். பையன் சாப்பிட்டானா என்று தவிப்பது, சின்னச் சொல்லுக்கும் மனம் நொறுங்குவது, தன்னை யாரும் மதிக்கவில்லை என்று வீட்டைவிட்டுக் கிளம்புவது, கடைசியில் எல்லோருக்காகவும் திரும்பி வருவது. நகைச்சுவை மேடையின் யூதத் தாய்க்குரிய குணங்கள் அத்தனையும் அவரிடம் இருக்கின்றன. அந்தப் பையனை இருபது ஆண்டுகள் வளர்த்தவரும் அவர்தான். பெற்றவள் வேறெங்கோ இருக்கிறாள். பெண் வேடத்தில் அவர் விருந்துக்கு வந்து உட்கார்ந்ததும் செனட்டர் அவரைத்தான் மெச்சுகிறார். குடும்ப மதிப்புகள் என்று அவர் மேடைக்கு மேடை பேசியவை முழுமையாகக் குடியிருந்த இடம் அந்த உருவம்.

இவ்வளவு கூர்மையான படம் யூத அடையாளத்தைப் பெயரளவில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. கோல்ட்மன் என்பது மறைக்க வேண்டிய பெயர், அவ்வளவுதான். அந்த வீட்டில் யூதராக வாழ்வது எப்படி இருக்கும் என்று படம் கேட்பதில்லை. முடிவில் மகனுக்கும் செனட்டர் மகளுக்கும் கல்யாணம் நடக்கிறது. இருபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த இரண்டு அப்பாக்களும் விருந்தினராக நிற்கிறார்கள். அதே 1996 செப்டம்பரில், ஆணும் பெண்ணும் சேர்வது மட்டுமே திருமணம் என்று வரையறுத்த சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார்.

வம்சத்தின் விலை என்ன என்பதை நேரடியாகவே கேட்ட படம் பிரான்ஸிலிருந்து வந்தது. ஜான்-ஜாக் சில்பர்மன் இயக்கி 1998இல் வெளிவந்த அதன் பெயருக்கு 'ஆணும் மற்றப் பெண்களைப் போல ஒரு பெண்தான்' என்பது போன்ற பொருள். நாயகன் சிமோன் எஸ்கெனாசி பாரிஸில் கிளாரினெட் வாசிப்பவன். வாசிப்பது கிழக்கு ஐரோப்பிய யூதக் கல்யாணங்களில் ஒலித்த கிளெஸ்மர் இசை. அவன் ஆண்களைக் காதலிப்பவன். குடும்பப் பெயரைத் தாங்க வேறு யாருமில்லை. வங்கி நடத்தும் மாமா ஒரு பேரம் பேசுகிறார்: ஒரு யூதப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெற்றால் ஒரு கோடி ஃபிராங்கும் ஒரு மாளிகையும். அவனும் நியூயார்க்கின் மிகக் கட்டுப்பாடான குடும்பத்தில் பிறந்து, யித்திஷ் பாடல்கள் பாடும் ரோசாலியை மணக்கிறான்.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அவனுடைய வாத்தியம். எந்த உலகம் அழிக்கப்பட்டதென்று குடும்பம் அழுகிறதோ, அந்த உலகத்தின் இசை அவன் மூச்சில்தான் உயிரோடிருக்கிறது. சந்ததிக்குக் கையளிக்க வேண்டியதை அவன் ஒவ்வொரு மேடையிலும் கையளித்துக்கொண்டிருக்கிறான். குடும்பக் கணக்கில் அதற்கு மதிப்பில்லை, ரத்தம் மட்டும்தான் கணக்கு. மாமாவையும் படம் கெட்டவராக்குவதில்லை. பணத்தால் சாவை எதிர்க்க முடியும் என்று நம்பும் ஒரு கிழவரின் பயம் அவரிடம் தெரிகிறது. ஏமாற்றப்படும் ரோசாலிக்கு நேரும் காயத்தையும் படம் சிரிப்பில் மூடிவிடவில்லை. பேரத்தின் விலையைக் கட்டியவள் அவள்தான். 2009இல் சில்பர்மன் சிமோனைத் திரும்பவும் கொண்டுவந்தார். இம்முறை உடல்நலம் குன்றிய தாய் அவன் வீட்டுக்கே வந்து தங்குகிறாள், அவன் பெண்ணுடையில் வாழும் நயீம் என்ற முஸ்லிம் இளைஞனைக் காதலிக்கிறான்.

அதே 2009இல் வந்த அமெரிக்கப் படம் 'ஓய் வே! மை சன் இஸ் கே!!'. யெவ்கெனி அஃபினியெவ்ஸ்கி இயக்கியது. யூதத் தாய் ஷெர்லியாக லெய்னி கசான் நடித்தார். நல்ல யூதப் பெண்ணாகத் தேடிக்கொண்டே இருக்கும் தாய், இத்தாலியக் குடும்பத்துப் பையனோடு வாழும் மகன், இரண்டு வீட்டாரின் கூச்சல். பெற்றோருக்கு நல்லெண்ணத்தோடு பாடம் சொல்லும் படம். ஆனால் ஷெர்லி பேசுவதெல்லாம் முன்கூட்டியே நமக்குத் தெரிந்தவை. அவளுக்கு ஒரு தனிமையோ, இழப்போ, நியாயமோ இல்லை. அதனால் அவள் மனம் மாறும்போது நமக்குள் எதுவும் நகர்வதில்லை.

ஒரு திண்ணையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசும் சில நிமிடங்களில் இதைவிட அதிகம் நடக்கிறது. 'கிஸ்ஸிங் ஜெசிகா ஸ்டைன்' 2001இல் முதலில் திரையிடப்பட்டது. அதில் நடித்த ஜெனிஃபர் வெஸ்ட்ஃபெல்ட், ஹெதர் யூர்கென்சன் இருவரும் எழுதியது. தொடக்கத்திலேயே தொழுகைக் கூடத்தில், வருடத்திலேயே மிகப் புனிதமான நோன்புநாளில், தாய் ஜூடி பிரார்த்தனைக்கு நடுவே மகளுக்கு மாப்பிள்ளைகளைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பாள். வழக்கமான தாய் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பிறகு, மகன் கல்யாணத்துக்கு வீடு நிறைந்திருக்கும் நேரத்தில் வெளியே மகளோடு உட்கார்கிறாள். மகள் சிறு வயதில் எதிலும் முழுமை இல்லையென்று கைவிட்ட ஒரு காரியத்தைப் பற்றி மெல்லப் பேசுகிறாள். பேச்சின் முடிவில், ஹெலன் நல்ல பெண் என்று மட்டும் சொல்கிறாள். ஹெலனைக் காதலிப்பதை மகள் இன்னும் சொல்லவே இல்லை. ஜூடியாக நடித்த தோவா ஃபெல்ட்ஷூ அதைச் சொல்லும் விதத்தில் எத்தனை இரவு தூங்காமல் யோசித்திருப்பாள் என்பது தெரிகிறது. கடைசியில் ஜெசிகாவும் ஹெலனும் பிரிந்து தோழிகளாகிவிடுவதைப் பலர் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானது. ஆனாலும் அந்தத் திண்ணையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதற்கிடையில் மதமும் நகர்ந்திருந்தது. தன்பாலீர்ப்பாளர்களுக்கான யூதத் தொழுகைச் சபை லாஸ் ஏஞ்சலஸில் 1972இலும் நியூயார்க்கில் 1973இலும் உருவாயிற்று. சீர்திருத்தப் பிரிவின் ரபிகள் (மதகுருக்கள்) சங்கம் 1990இல் தன்பாலீர்ப்பாளர்களும் ரபி ஆகலாம் என்றது. கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2006இல் கதவைத் திறந்தது. கட்டுப்பாடான ஆர்த்தடாக்ஸ் பிரிவில் தடை நீடிக்கிறது. மேடையிலும் ஒரு வட்டம் முழுமையானது. 2005இல் பிராட்வேயில் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' இசை நாடகத்தில் தெவ்யே வேடத்தை ஃபயர்ஸ்டீன் ஏற்றார். மகள்கள் ஒவ்வொருத்தியும் தன் விருப்பப்படி துணை தேடும்போது வளைந்து கொடுத்துக்கொண்டே வந்து, மூன்றாமவள் வேற்று மதத்தவனை மணந்ததும் அவளைச் செத்தவளாகக் கருதி விலகும் தந்தை அவர். ஆர்னால்டாக நின்று தாயிடம் மன்றாடியவர், இப்போது பிள்ளையை ஒதுக்கும் தந்தையாக நின்றார். அந்த வலியையும் உள்ளிருந்து புரிந்தவராக நின்றார்.

உயிரோடிருக்கும் பிள்ளைக்காக ஏழு நாள் துக்கம் அனுசரிப்பது யூத வீடுகளில் அறியப்பட்ட ஒரு தண்டனை. அந்த ஏழு நாள் துக்கத்துக்குப் பெயர் ஷிவா. டொரன்டோவில் வளர்ந்த எம்மா செலிக்மன் இயக்கிய 'ஷிவா பேபி' 2020இல் வந்தபோது அந்தச் சடங்கே களமாயிற்று. 77 நிமிடப் படம். கல்லூரி முடிக்கப்போகும் டேனியல், பெற்றோரோடு ஒரு சாவு வீட்டுக்குப் போகிறாள். இறந்தவர் யாரென்றுகூட அவளுக்குத் தெளிவில்லை. அங்கே பழைய காதலி மாயா நிற்கிறாள். பணம் வாங்கிக்கொண்டு இவள் சந்தித்துவரும் ஆணும் மனைவி, குழந்தையோடு வந்து நிற்கிறான். அத்தைகளும் மாமிகளும் தட்டோடு வந்து, ஏன் இப்படி இளைத்துவிட்டாய், என்ன படிக்கிறாய், யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். பின்னணியில் பேய்ப்படத்துக்குரிய தந்தி இசை.

மாயாவோடு இருந்த உறவு தாய்க்குத் தெரியும். சாவு வீட்டில் அதெல்லாம் வேண்டாம் என்று வாசலிலேயே எச்சரிக்கிறாள். ஏதோ ஒரு பருவத்தில் வந்துபோன விஷயம் என்பது அவள் எண்ணம். மறைக்கவேண்டிய ரகசியமாக இருந்தது, கண்டும் காணாமல் விடக்கூடிய விஷயமாக மாறியிருக்கிறது. ஆர்னால்டுக்குக் கிடைத்த சண்டைகூட டேனியலுக்குக் கிடைக்கவில்லை. எதிர்பார்ப்போ அப்படியே இருக்கிறது. சட்டக் கல்லூரிக்குப் போகவிருக்கும் மாயாவைத்தான் அந்த வீட்டில் எல்லோரும் மெச்சுகிறார்கள், அவளைப் பார் என்று டேனியலிடம் காட்டுகிறார்கள். எல்லா அளவுகோலுக்கும் பொருந்தும் பிள்ளை, அவள் காதலித்த பெண்ணே. பாலி டிரேப்பர் நடித்த தாய்க்கும் ஒரு நேரம் வருகிறது. உடைந்து போன மகளை ஒதுக்குப்புறமாக வைத்து, கேள்வி எதுவும் கேட்காமல் தாங்கிக்கொள்கிறாள்.

பிறகு தந்தை எல்லோரையும் தன் வண்டியில் ஏற்றிக்கொள்ளப் பிடிவாதம் பிடிக்கிறார். அந்த ஆண், அவன் மனைவி, வீறிடும் குழந்தை, துக்கத்துக்கு வந்தவர்கள், அவர்களுடைய பைகள். ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மாயாவின் கை டேனியலின் கையைத் தேடிப் பிடிக்கிறது. வண்டியில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.